சரிவில் பிடிக்காத பிரேக்: கடலூரில் ஒரு சைக்கிளின் நிகழ்வு ஆய்வு

கடலூர் கேப்பர் மலையின் மேல்பகுதியில் குடியிருக்கும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர், வடகிழக்குப் பருவமழை பிடித்திருந்த ஐப்பசி மாதத்துக் காலையில், திருப்பாதிரிப்புலியூரில் உள்ள தம் பள்ளிக்குச் சைக்கிளில் இறங்கி வந்தார். தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. சரிவு முடியும் இடத்தில் சரக்கேற்றும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று ஓரமாக நிற்பதைத் தொலைவிலேயே பார்த்து இரண்டு பிரேக்குகளையும் பிடித்தும், வண்டி நிற்காமல் அதன் பின்பலகையில் போய் மோதியது. உள்ளங்கையில் சிராய்ப்பு, முழங்காலில் வீக்கம், நசுங்கிய முன்கூடை ஆகியவற்றுக்கு மேல் சேதம் இல்லை. பின்னால் பேருந்து எதுவும் வராதது அந்தப் பிள்ளையின் நல்ல நேரம்.

நான் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருப்பவன். அந்தக் குடும்பத்துக்கு அடுத்த வீட்டுக்காரன். அன்று மாலை விசாரிக்கப் போனபோது அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்த ஆய்வுக்குக் காரணம். “ரெண்டு பிரேக்கையும் நல்லா அழுத்திப் பிடிச்சேன் மாமா. புடிச்சது புடிச்சபடியே இருக்கு, வண்டி பாட்டுக்குப் போவுது” என்றார். பயத்தில் பிரேக் பிடிக்க மறந்திருப்பார் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர் சொன்னது ஒரு பொறியியல் விவரணையைப் போலவே துல்லியமாக இருந்தது: பிடிப்பு இருந்திருக்கிறது, வேகம் குறையவில்லை. இப்படி நிகழக் கூடியது எப்போது என்பதற்குக் கணக்கு உண்டு. அவருடைய தந்தை, “இந்த சைக்கிளே வேணாங்க, டிஸ்க் பிரேக் வச்சது ஒண்ணு வாங்கிடலாம்” என்றார். புது வண்டி வாங்குவதற்கு முன் இந்த வண்டி ஏன் நிற்கவில்லை என்று பார்த்துவிடலாம் என்றும், அதுவரை எந்தக் கடையிலும் இதைச் சரிசெய்யக் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். கெட்டுப்போன நிலையிலேயே ஒரு பொருளைப் பார்க்கக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் நாம் பார்ப்பதற்குள் யாராவது ஒரு நட்டைத் திருகியிருப்பார்கள்.

வண்டியின் நிலை

வண்டி 26 அங்குலச் சக்கரம் கொண்ட பெண்கள் சைக்கிள். அக்கா ஓட்டி, தங்கைக்கு வந்தது. குரோமியப் பூச்சு கொண்ட இரும்பு ரிம், ரிம்மை இருபுறமும் கவ்வும் நீண்ட கை கொண்ட கேலிப்பர், கேபிள், கைப்பிடி லிவர் என்று நம் ஊர்ச் சாலைகளில் எங்கும் காணக் கிடைக்கும் அமைப்பு. வலது கை லிவர் முன் பிரேக்குக்கும் இடது கை லிவர் பின் பிரேக்குக்கும் போகிறது.

முதலில் கண்ணில் பட்டது வலது லிவர்தான். அது இடது லிவரின் ஜோடி அல்ல. முன்பு ஒருமுறை வண்டி சாய்ந்து விழுந்ததில் பழைய லிவர் ஒடிந்துவிட்டதாகவும், அருகில் கிடைத்ததைப் போட்டதாகவும் தெரிந்தது. போட்டது வி-பிரேக் எனப்படும் வேறு வகை பிரேக்குக்கான லிவர். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. லிவர் சுழலும் ஆணிக்கும், கேபிளின் தலைக்குண்டு உட்காரும் குழிக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால்தான் தெரியும். கேலிப்பருக்கான லிவரில் அந்தத் தூரம் குறைவாக இருக்கும்; வி-பிரேக் லிவரில் கூடுதலாக இருக்கும். தூரம் கூடினால் லிவரை ஒரே அளவு இழுக்கும்போது கேபிள் அதிக நீளம் நகரும், அதே விகிதத்தில் கேபிளில் ஏறும் விசை குறையும். வி-பிரேக் லிவர் சாதாரண லிவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கேபிளை இழுக்கிறது. ஆகவே கேலிப்பரோடு அதைச் சேர்த்தால் விசை ஏறத்தாழப் பாதியாகிவிடும். வி-பிரேக்கின் கைகள் நீளமானவை என்பதால் அங்கே இந்த இழப்பு ஈடுகட்டப்படுகிறது. கேலிப்பரில் ஈடுகட்ட ஒன்றும் இல்லை.

இந்தத் தவறான ஜோடி நெடுநாள் கண்டுபிடிக்கப்படாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இப்படிப்பட்ட லிவரைப் பிடித்தால் கைக்கு இறுக்கமாக, உறுதியாக இருக்கும். கடையில் வண்டியை வாங்கிக்கொள்ளும்போது எல்லோரும் லிவரை ஒருமுறை அழுத்திப் பார்த்து, “டைட்டா இருக்கு, நல்லாப் பிடிக்கும்” என்று திருப்தி அடைகிறோம். லிவர் கல்லைப் போல இருப்பதற்கும் பிரேக்கின் ரப்பர் கட்டை ரிம்மை அழுத்துவதற்கும் நேர்த் தொடர்பு கிடையாது. பெரும்பாலும் தலைகீழான தொடர்புதான்: விசையை நன்றாகப் பெருக்கிக் கொடுக்கும் அமைப்பில் லிவர் சற்று மெத்தென்றுதான் இருக்கும்.

அடுத்தது முன் கேபிள். முன்கூடை பொருத்தியபோது கேபிளின் வெளிக்குழாயான அவுட்டர் கூடையின் கம்பிக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவே மடக்கிச் செருகப்பட்டிருந்தது. லிவரிலிருந்து புறப்பட்டு ஒரு பக்கம் வளைந்து, கூடையடியில் எதிர்ப்பக்கம் வளைந்து, மீண்டும் நேராகித்தான் கேலிப்பரை அடைகிறது. அவுட்டரின் பிளாஸ்டிக் உறை ஓரிடத்தில் வெடித்து உள்ளிருக்கும் சுருள் கம்பி வெளியே தெரிந்தது. அதற்குள் ஓடும் இன்னர் ஒயரை உருவி வெள்ளைத் துணியில் வைத்தபோது, வெடிப்புக்கு நேரே இருந்த பகுதி விரல் நீளத்துக்குக் காவி நிறத்தில் தடித்திருந்தது. அந்த இடத்தில் ஒயரின் இழைகளை நகத்தால் கீறினால் துரு பொடியாக உதிர்ந்தது. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊரில், உப்புக்காற்றும் மழைநீரும் நுழைய ஒரு கீறல் போதும்.

பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கவில்லை. தேயாமல் இருந்ததே அவற்றின் குறை. பல கோடைகள் வெயிலில் காய்ந்த ரப்பர் இறுகி, மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளத்தது. அந்தப் பளபளப்புக்குள் செந்நிறத் துகள்கள் பதிந்திருந்தன. கேப்பர் மலை செம்மண்ணும் இரும்புச் சத்துள்ள மணற்கல்லும் கொண்ட மேடு. மழையில் கரைந்து சாலையில் ஓடும் அந்த மண்ணில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. அது கட்டையில் பதிந்தால் ரிம்மைக் கீறும். ரப்பரின் முழுப்பரப்பும் ரிம்மோடு ஒட்டவும் விடாது.

முன்சக்கரத்தில் கோட்டம் இருந்தது. சுற்றும்போது ரிம் ஒரு பக்கமாக ஒதுங்குவதால், கட்டை உரசாமல் இருக்க யாரோ கட்டைகளை ரிம்மிலிருந்து தாராளமாக விலக்கி வைத்திருந்தார்கள். கேபிளை அதிகம் இழுக்கும் லிவர் இந்த இடைவெளியையும் மறைத்துவிட்டது. பின் பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: கேபிள் நீளம், துரு உண்டு, செயினுக்கு விட்ட எண்ணெய் பின் ரிம்மின் ஓரத்திலும் படிந்திருந்தது.

அளந்த முறை

பிரேக் நன்றாக இருக்கிறதா என்பதை ஓட்டிப் பார்த்துச் சொல்வது எளிது, ஆனால் எந்த மாற்றம் எவ்வளவு பயன் தந்தது என்பதை அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் கொக்கி வைத்த இரண்டு ஸ்பிரிங் தராசுகளைப் பயன்படுத்தினேன். தேவனாம்பட்டினத்தில் மீன் எடை போடப் புழங்கும் அதே தராசுதான். ஒன்றை லிவரில் இரண்டு விரல் படும் இடத்தில் மாட்டி, முள் 10 கிலோ காட்டும் வரை ஒருவர் கைப்பிடியை நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்னொன்றை, டயரையும் ரிம்மையும் சேர்த்துக் கட்டிய கயிற்றில் மாட்டி, சக்கரத்தின் சுற்றுக்கு ஒட்டினாற்போல் இழுக்க வேண்டும். சக்கரம் எந்த அளவில் நழுவத் தொடங்குகிறதோ அதுவே அந்த லிவர் விசைக்கு அந்த பிரேக் தரும் பிடிப்பு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதையே திரும்பச் செய்தோம். ரிம்மின் மேல் ஒரு சொம்பு நீரை ஊற்றி ஈர நிலையிலும் பார்த்தோம். ஆய்வுக்கூடத்துக் கருவி தரும் துல்லியம் இதில் கிடைக்காது. முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று ஒப்பிட இது தாராளமாகப் போதும். வீட்டிலேயே யாரும் செய்யலாம்.

விரலிலிருந்து சாலை வரை

இந்த வண்டியில் விசை எங்கே தொலைந்தது என்பதைக் கணக்காகவே காட்டலாம். எண்கள் தோராயமானவை, விகிதங்களைக் கவனித்தால் போதும். ஓட்டுபவர், பை, வண்டி எல்லாம் சேர்ந்து 70 கிலோ என்றும், விரல்கள் லிவரில் கொடுக்கும் விசை 10 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம்.

சரியான லிவர் அதை ஏறத்தாழ நான்கு மடங்காக்கி, கேபிளில் 40 கிலோவாக ஏற்றும். நல்ல கேபிள் வழியில் கால்பங்கை உராய்வில் இழந்து 30 கிலோவைக் கேலிப்பருக்குக் கொண்டுசேர்க்கும். நீண்ட கை கொண்ட கேலிப்பர் விசையைப் பெரிதாகப் பெருக்குவதில்லை. ஒவ்வொரு கட்டையும் ஏறத்தாழ 30 கிலோவோடு ரிம்மை அழுத்துகிறது என்று கொள்ளலாம். உலர்ந்த ரிம்மில் நல்ல ரப்பரின் உராய்வுக் கெழு (அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்ற எண்) 0.6 என்றால், இரண்டு கட்டைகளும் சேர்ந்து 36 கிலோ அளவுக்குச் சக்கரத்தைத் தடுக்கும். இது மொத்த எடையில் பாதிக்குச் சற்று மேல். அதாவது வண்டி, புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு வேகம் இழக்கும்.

இப்போது அந்தப் பெண்ணின் முன் பிரேக். அதே 10 கிலோ விரல் விசையை லிவர் இரண்டு மடங்குதான் ஆக்குகிறது: 20 கிலோ. துருப்பிடித்து மடங்கிய கேபிளில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் மறுமுனைக்குப் போய்ச் சேருகிறது: 8 கிலோ. இறுகிய ரப்பரின் கெழு 0.35 என்றால், இரண்டு கட்டைகளின் தடுப்பும் சேர்ந்து 5.6 கிலோ. முப்பத்தாறு எங்கே, ஐந்தரை எங்கே. எந்த ஒரு பாகமும் முற்றிலும் பழுதாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றும் பாதியளவுக்கு மோசம், அவ்வளவுதான். பாதியின் பாதியின் பாதி என்று பெருகும்போது கடைசியில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று கொண்டுவரும் வண்டியில் கட்டையை மட்டும் மாற்றி அனுப்புவது பல சமயம் பலன் தராமல் போவதற்கும் இதுவே காரணம். மற்ற இரண்டு பாதிகள் அப்படியே இருக்கின்றன.

கேபிளில் ஏற்படும் இழப்பைப் பற்றி மட்டும் இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாதது. கடலூர் துறைமுகத்தில் படகைக் கரையோடு இழுத்து நிறுத்தும்போது, கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஒரே ஆள் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்போம். படகு இழுக்கும் விசை அத்தனையையும் கட்டையின் மேல் ஏற்படும் உராய்வே தின்றுவிடுகிறது. வளைந்த அவுட்டருக்குள் ஓடும் ஒயரிலும் நடப்பது அதுதான். இழப்பு, கேபிளின் நீளத்தைவிட, அது மொத்தம் எத்தனை பாகை வளைகிறது என்பதைப் பொறுத்தது. எந்தத் திசையில் வளைந்தாலும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். இடப்பக்க வளைவை வலப்பக்க வளைவு ரத்து செய்யாது. மொத்த வளைவு 180 பாகை என்றால், உராய்வுக் கெழு 0.1 உள்ள சுத்தமான கேபிளில் நூற்றுக்கு 73 பங்கு விசை மறுமுனைக்குப் போகும். துரு ஏறி அந்தக் கெழு 0.3 ஆகிவிட்டால், அதே வளைவில் நூற்றுக்கு 39 பங்குதான் போகும். கூடைக்காக ஏற்பட்ட கூடுதல் வளைவுகள் இந்த வண்டியில் எவ்வளவு தின்றிருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

பால்காரர்கள் இன்னும் வைத்திருக்கும் பழைய உயரமான சைக்கிள்களில் கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டுகள் பிரேக்கை இழுக்கும். அந்த அமைப்பில் இந்த இழப்பு கிடையாது. மூட்டுகளில் எண்ணெய் விட்டால் போதும், பல ஆண்டுகள் அப்படியே உழைக்கும். அதன் எளிமை எனக்கு இன்றும் மதிப்புக்குரியதாகவே படுகிறது. ஆனால் அதற்கும் இரும்பு ரிம்தான், மழையில் அதுவும் வழுக்கும்.

சரிவு செய்யும் வேலை

பள்ளி இருக்கும் சமதளப் பகுதியில் இதே வண்டியை அந்தப் பெண் தடையின்றி ஓட்டி வந்திருக்கிறார். அங்கே நின்ற பிரேக் சரிவில் ஏன் நிற்கவில்லை என்பதுதான் குடும்பத்தாருக்கு விளங்காமல் இருந்தது.

பின் பிரேக்கின் பங்கையும் சேர்த்து, உலர்ந்த நிலையில் இந்த வண்டியின் மொத்தத் தடுப்பு எடையில் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி சமதளத்தில் 16 மீட்டருக்குள் நின்றுவிடும். அது மோசமான பிரேக்தான், ஆனால் காலைத் தரையில் தேய்த்தோ வண்டியை ஒதுக்கியோ சமாளித்துவிடலாம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவில், வண்டியின் எடையில் இருபதில் ஒரு பங்கு எப்போதும் முன்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பிரேக்கின் பத்தில் ஒரு பங்கிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது இருபதில் ஒரு பங்கு. நிற்கும் தூரம் இரண்டு மடங்காகி 31 மீட்டரைத் தாண்டும். நல்ல பிரேக் உள்ள வண்டிக்கோ, எடையில் பாதியளவு தடுப்பு இருப்பதால், சமதளத்தில் 3 மீட்டர், சரிவில் அதைவிட ஓரடி கூடுதல், அவ்வளவே வேறுபாடு.

இதன் மேல் மழை பெய்யட்டும். ஈரத்தில் தடுப்பு பாதியாகக் குறைந்தால், பிரேக்கின் பிடிப்பும் சரிவின் இழுப்பும் சரிக்குச் சமமாகிவிடுகின்றன. வண்டி வேகம் கூடாது, குறையவும் குறையாது. எவ்வளவு தூரம் சரிவு இருக்கிறதோ அவ்வளவு தூரமும் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். “புடிச்சது புடிச்சபடியே இருக்கு, வண்டி பாட்டுக்குப் போவுது” என்று அந்தப் பெண் சொன்னது இதைத்தான். அவர் பயத்தில் எதையும் மறக்கவில்லை என்று வீட்டாரிடம் அழுத்தமாகச் சொன்னேன்.

செய்த மாற்றங்கள்

திருப்பாதிரிப்புலியூரில் உள்ள ஒரு சைக்கிள் கடையில், கடைக்காரரின் ஒத்துழைப்போடு, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினோம். வலது லிவரைக் கேலிப்பருக்கு உரியதாக மாற்றியதும், எதிர்பார்த்தபடியே தராசின் முள் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறியது. “அண்ணே, பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு” என்று கடைக்காரர் வியந்தார்; பிறகு தம் கையிருப்பில் இருந்த லிவர்களை அளந்து இரண்டு பெட்டியாகப் பிரித்து வைத்துக்கொண்டார். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் நிறைவு தந்த நேரம் அது.

கேபிளில் இன்னரை மட்டும் மாற்றுவது பொதுவான வழக்கம். அவுட்டருக்குள் துருவும் மண்ணும் இருக்கும்போது புது ஒயர் சில மாதங்களிலேயே பழையதாகிவிடும்; இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். அவுட்டரை வெட்டிய முனையை அரத்தால் சமமாக்கி, நசுங்கிய துளையை ஊசியால் திறந்து, முனைக்குத் தொப்பி மாட்டினால்தான் அவுட்டர் நேராக உட்காரும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் முனை நசுங்கி விசையைத் தின்னும். கூடையை முன்னோக்கி நகர்த்திப் பொருத்தியதால், கேபிள் ஒரே பெரிய வளைவாகக் கேலிப்பருக்கு இறங்கியது. ஒயரில் கிரீஸ் மெல்லியதாகத் தடவினோம். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அவை நாளடைவில் தூசியைச் சேர்த்துப் பிசுக்காகிவிடும், கேபிளுக்கு ஏற்றவை அல்ல.

ரிம்மைக் கடைகளில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். எண்ணெய்க் கறை போகும். ஆனால் மண்ணெண்ணெயின் மெல்லிய படலம் ரிம்மிலேயே தங்கி, கட்டையை வழுக்கச் செய்யும். சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, சுத்தமான துணியால் துடைத்தோம். கோட்டம் எடுத்து ரிம் நேரானதும் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே இருபுறமும் 2 மில்லிமீட்டர் இடைவெளி வைக்க முடிந்தது. பழைய கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பை எடுத்துப் பார்த்தபோது ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் உள்ளே வரை இறுகிப்போன ரப்பரைத் தேய்த்துப் புதிதாக்க முடியாது. மென்மையான ரப்பர் கொண்ட புதுக் கட்டைகளைப் போட்டோம். இங்கே ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. நீளமான கட்டை போட்டால் அதிகம் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே விசை பெரிய பரப்பில் பரவும்போது ஒவ்வொரு இடத்திலும் அழுத்தம் குறைகிறது, மொத்த உராய்வு ஏறக்குறைய மாறுவதில்லை. நீளக் கட்டை மெதுவாகத் தேயும், சூட்டைத் தாங்கும். பிடிப்பைத் தீர்மானிப்பது ரப்பரின் தரம். கட்டையின் மேல்விளிம்பு டயரைத் தொடக் கூடாது, கீழ்விளிம்பு ரிம்மைத் தாண்டித் தொங்கக் கூடாது, சக்கரம் சுழலும் திசையில் முன்னுள்ள முனை பின்முனையைவிட ஒரு நூல் முன்னதாக ரிம்மைத் தொட வேண்டும். இது சரியாக இருந்தால் கீச்சொலியும் வராது.

எல்லாம் முடிந்ததும் வண்டியை நிறுத்தி வைத்து, முழு பலத்தோடு லிவரைப் பல முறை அழுத்திப் பார்த்தோம். ஒயரைக் கவ்வும் நட்டு வழுக்குவதாக இருந்தால் அது கடை வாசலிலேயே வழுக்கட்டும். இந்தச் சோதனை இல்லாமல் எந்த வண்டியையும் கடையிலிருந்து எடுத்துவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முன் பிரேக்கைப் பற்றிய அச்சம்

வண்டியைச் சரிசெய்த பிறகும் ஒரு தடை இருந்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புறக் கவிழ்ந்துவிடுவாய் என்று சிறு வயதிலிருந்தே அந்தப் பெண்ணுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். இது நம் வீடுகள் எல்லாவற்றிலும் சொல்லப்படுவதுதான். முன் பிரேக்கைத் தளர்த்தியே வைத்திருக்கும் வண்டிகளையும் நிறையப் பார்க்கிறேன்.

பிரேக் பிடித்தவுடன் ஓட்டுபவரின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது சறுக்கும், நிற்காது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிளில் பின் பிரேக்கை மட்டும் வைத்துக் கிடைக்கக் கூடிய அதிகபட்சத் தடுப்பு எடையில் ஏறத்தாழக் கால்பங்கு. முன் பிரேக்கால் பாதிக்கு மேல் வரை போகலாம். அதையும் தாண்டினால்தான் பின்சக்கரம் தூக்கும். ஆகவே கவிழ்வது உண்மையான அபாயம்தான், ஆனால் அது திடீரென்று முழுவதும் அழுத்துபவருக்கு வருவது. முன் லிவரைப் படிப்படியாக இறுக்கிக்கொண்டே, கைகளை ஊன்றி உடலை இருக்கையின் பின்பக்கம் தள்ளினால் வண்டி அடங்கி நிற்கும். மணல் படிந்த கடற்கரைச் சாலையிலும் திருப்பங்களிலும் மட்டும் முன் பிரேக்கை மெதுவாகத் தொட வேண்டும். முன்சக்கரம் சறுக்கினால் வண்டியைத் திரும்ப நிமிர்த்த முடியாது. அந்தப் பெண் வீட்டு மொட்டை மாடியிலும், பிறகு தெருவிலும் மெதுவான வேகத்தில் இதைப் பழகினார். பயம் போகக் கொஞ்ச நாள் பிடித்தது. போனபின் அவருடைய கை தானாகவே வலது லிவருக்குப் போனது.

டிஸ்க் பிரேக் பற்றி

தந்தையின் கேள்விக்கு நேரான பதில் வேண்டும். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும். டிஸ்க் சாலை நீரிலிருந்து விலகி இருக்கிறது, அதைக் கவ்வும் பட்டையும் கடினமானது. ஆனால் 160 மில்லிமீட்டர் டிஸ்க்கின் ஆரம் சக்கரத்தின் ஆரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே தடுப்பைப் பெற அங்கே நான்கு மடங்குக்கு மேல் உராய்வு வேண்டும். நல்ல டிஸ்க் அமைப்பு அதைத் தரும். அதே துருப்பிடித்த கேபிளால் இழுக்கப்படும் மலிவான டிஸ்க் தராது. இருக்கிற வண்டியிலேயே கிளாம்ப் வைத்து டிஸ்க் மாட்டித் தருவதாகச் சிலர் சொல்வதை மட்டும் ஏற்கவே கூடாது. டிஸ்க் பிடிக்கும்போது முழு விசையும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஒரு காலின் அடிப்பகுதியில் இறங்குகிறது; அதற்காகச் செய்யப்படாத மெல்லிய குழாய் வளையும், நாளடைவில் ஒடியவும் கூடும். அது ஓடும்போது ஒடிந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஈரமும் ரிம்மும்

உலர்ந்த நிலையில் வண்டி இப்போது மிக நன்றாக நின்றது. நீர் ஊற்றிப் பார்த்த அளவுதான் நெருடலாக இருந்தது. புது லிவர், புது கேபிள், புதுக் கட்டை எல்லாம் இருந்தும், ரிம் நனைந்ததும் முள் பாதிக்குக் கீழே இறங்கியது. குரோமியப் பூச்சு கண்ணாடி போல் வழவழப்பானது; அதன் மேல் படியும் நீர்ப்படலத்தைக் கட்டை முதலில் வழித்தெடுத்தாக வேண்டும். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது. நீரை வழிக்க இரண்டு சுற்று ஆனால், பிடிப்பு சரியாகத் தொடங்குவதற்குள் வண்டி 4 மீட்டர் போய்விடும். மழையில் இறங்கும்போது, நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே லிவர்களை இலேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறேன். இரும்பு ரிம்முக்கென்று தோல் பதித்த கட்டைகள் ஒரு காலத்தில் வெளிநாடுகளில் விற்கப்பட்டன. இங்கே கடைகளில் கிடைக்கவில்லை.

கேப்பர் மலைக்காரருக்கு இது போதாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மழை நாட்களில் அன்றாடம் இறங்கி ஏற வேண்டியவருக்கு, சரிசெய்தல் ஒன்றாலேயே தீராத குறை ரிம்மின் உலோகத்தில் இருக்கிறது. அலுமினிய ரிம்மில் ஈர ரப்பரின் பிடிப்பு குரோமிய இரும்பில் இருப்பதைவிடத் தெளிவாகவே மேலானது. எடையும் குறைவு, துருப்பிடிப்பதும் இல்லை. குடும்பத்தின் செலவுத் திறனைப் பார்த்து, முன்சக்கரத்துக்கு மட்டும் அலுமினிய ரிம் மாற்றச் சொன்னேன். பின்சக்கரத்தின் தடுப்பைச் சாலையே கால்பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதால், பணத்தை முன்சக்கரத்தில் போடுவதே நியாயம். ரிம் வாங்கும்போது டயரின் அளவு மட்டும் பார்த்தால் போதாது. சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பின் துளைகளின் எண்ணிக்கையும் ரிம்மின் துளைகளும் ஒத்திருக்க வேண்டும். ரிம்மின் ஆழம் மாறினால் போக்ஸ் கம்பியின் நீளமும் மாறும், அதனால் பழைய கம்பிகளையே திரும்பப் போட முயலாமல் அளந்து புதிதாக வாங்கினோம். அலுமினியம் இரும்பைவிட மென்மையானது. செம்மண் துகள் கட்டையில் பதிந்தால் ரிம்மை அரித்துவிடும். அதனால் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, கட்டையின் முகத்தைப் பார்த்து, பதிந்த துகள்களை ஊசி முனையால் எடுத்துவிட வேண்டும். இந்த வேலையை அந்தப் பெண்ணே செய்யப் பழகிக்கொண்டார்.

புதிதாகக் கோத்த சக்கரத்தில் கம்பிகள் ஓடி அமர்ந்தபின் சற்றுத் தளர்வது இயல்பு. சில வாரங்கள் ஓடிய பிறகு கடையில் மறுபடி கோட்டம் பார்த்து, கட்டைகளின் இடைவெளியைத் திரும்ப 2 மில்லிமீட்டருக்கு வைத்து, தராசில் உலர்ந்த நிலையிலும் ஈர நிலையிலும் அளந்தோம். ஈர அளவு, பழைய பிரேக்கின் உலர்ந்த அளவைவிடப் பல மடங்கு மேலே நின்றது.